மரக் கணக்கும் மண் கணக்கும்

காடுகள் அழிக்கப்படும்போது அதற்கு ஈடாக வேறிடத்தில் காடு வளர்ப்பதற்கென்று வசூலாகும் பணத்தை நிர்வகிக்க, 2016-ம் வருஷத்தில் இந்தியப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. நோக்கம் நல்லதே, அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் இவ்விஷயத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நட்ட கன்றுகளின் தொகையையே எடுத்துச் சொல்லுகிறார்கள். அக்கன்றுகள் வேரூன்ற வேண்டிய மண்ணின் நிலை என்னவென்று வினவுவோர் மிகச் சிலரே. காட்டின் ஸ்திரம் மரங்களில் மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள்ளும் இருக்கிறது.

வேர்களைச் சுற்றி எண்ணிறந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் சில, செடிகளுக்கு நண்பர்கள். வேரோடு ஒன்றி வாழும் ஒருவகைப் பூஞ்சைகள் மண்ணிலுள்ள பாஸ்பரஸ் முதலிய சத்துக்களைக் கொணர்ந்து கொடுத்து, பிரதியாகச் செடி தயாரித்த சர்க்கரையைப் பெறுகின்றன. 1998-ல் வெளியான ஆராய்ச்சியொன்றில், கனடாவில் இப்பூஞ்சைகளை 14 வகை வரை மண்ணில் கலந்து செடிகளை வளர்த்துப் பார்த்தனர். பூஞ்சை வகைகள் பெருகப் பெருகச் செடி வகைகளும் விளைவும் பெருகின. வகைகள் குறைந்த மண்ணிலோ, எந்தப் பூஞ்சை வாய்த்தது என்பதைப் பொறுத்துச் செடிக் கூட்டத்தின் அமைப்பே நிலையின்றி மாறிற்று.

வேறு சில நுண்ணுயிர்கள் சத்துருக்கள்; வேரைத் தாக்கி நோய் உண்டாக்குபவை. இவற்றாலும் நன்மை உண்டென்பதுதான் வியப்பு. ஓர் இனம் ஓரிடத்தில் மிகுந்தால் அதற்குரிய நோய்க்கிருமிகளும் அங்கே மிகும். அவ்வினத்தின் இளங்கன்றுகள் நலிய, பிற இனங்களுக்கு இடம் கிடைக்கும். பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவுக் காட்டைப் பற்றி 2010-ல் வெளியான ஆராய்ச்சி இதற்குச் சான்று. தன்னினத்தின் மண்ணால் அதிகம் நலிந்த மரங்களே அங்கு அருகிக் காணப்பட்டன. இதற்கு மாறாக, வெளியிலிருந்து வந்து பரவும் சில களைகளுக்கு அத்தகைய நலிவு ஏற்படுவதில்லை என்று கனடாவில் 2002-ல் காட்டினார்கள். அடக்குவாரில்லாத இடத்தில் ஓரினம் ஏகாதிபத்தியம் செலுத்துவது இயல்புதானே!

இவ்வறிவைக் காரியத்தில் காட்டியவர்கள் ஹாலந்து தேசத்தார். சாகுபடி நின்றுபோன வயல்களின் மேல்மண்ணை அகற்றி, ஒரு பகுதியில் புல்வெளியின் மண்ணையும் மற்றொரு பகுதியில் புதர்வெளியின் மண்ணையும் மெல்லியதாகத் தூவினர். ஆறு வருஷங்களில் முதற் பகுதி புல்வெளியை நோக்கியும், இரண்டாவது புதர்வெளியை நோக்கியும் வளர்ந்தன. தூவிய மண்ணோடு விதைகளும் வந்திருக்கலாம். ஆயினும் மண்ணின் உயிர்க் கூட்டமும் அவ்வாறே வேறுபட்டிருந்தது. இம்முடிவுகள் 2016-ல் வெளியாயின.

நுண்ணுயிர்கள் காற்றிலும் நீரிலும் தாமே வந்து சேருமே என்று சிலர் கூறலாம். சேரும், ஆனால் எவை வரும், எப்பொழுது வரும் என்பதை யாரும் உறுதி கூற முடியாது. அதுவரை நட்ட கன்றுகள் காத்திருக்குமா? ஓரிடத்து மண்ணை மற்றோரிடத்துக்குக் கொண்டுசென்றால் நோயும் களையும் உடன் செல்லுமே என்பது நியாயமான அச்சம். ஆகையால் தூரதேசத்து மண் வேண்டாம். உயிருள்ள காட்டைத் தோண்டவும் வேண்டாம். சாலைக்கும் சுரங்கத்துக்கும் அணைக்கும் எப்படியும் அழியப்போகும் காட்டின் மேல்மண்ணை வீணாக்காமல், அதே பிரதேசத்தில் புதிதாகக் காடு வளர்க்கும் நிலத்தில் தாமதமின்றித் தூவலாம். நெடுநாள் குவித்து வைத்தால் அதன் உயிர் குன்றிவிடும் என்பதையும் கருதவேண்டும்.

காட்டை அழிக்க அனுமதி அளிக்கும் ஒவ்வோர் உத்தரவிலும் மேல்மண்ணுக்கு ஒரு நிபந்தனை சேர்க்குமாறு சர்க்காரை நாம் வற்புறுத்துகிறோம். பொதுஜனப் பிரதிநிதிகளும் கன்றுகளின் கணக்கைக் கேட்கும்போது மண்ணின் கணக்கையும் கேட்பார்களாக. மண்ணை மறந்து நட்ட மரம் தோப்பாகலாம், காடாகாது.