லாயாரான் மீனைப் பிடித்ததும் ஏன் விடுகிறார்கள்? விட்டால் அது பிழைக்குமா?

சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குத் தூண்டில் புதுசு இல்லை. எஸ்டேட் குட்டை, சுங்கை மூடா, வயலோர தாலி ஆயர் என்று விராலும் கெளுத்தியும் பிடித்த கை அது. இப்போது அந்த ஆர்வம் கடல் பக்கம் திரும்பியிருக்கிறது. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து காசு போட்டு, போட் எடுத்து, கரை மறையும் தூரம் வரை போய் வருகிறார்கள்.

அவர்களில் பலருக்குக் கனவு மீன் ஒன்று உண்டு: லாயாரான். தமிழ்நாட்டு மீனவர்கள் இதை மயில் மீன் என்பார்கள். ஆள் உயர மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தபடி போஸ், பிறகு தண்ணீரில் ஒரு 'தொபுக்'. இந்த மாதிரி வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "இவ்வளவு பெரிய மீனை விட்டுட்டாங்களே!" என்பதுதான் நம்மில் பலருக்கு முதலில் தோன்றும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: விட்ட பிறகு அந்த மீன் உயிரோடு இருந்ததா?

லாயாரான் எப்படிப்பட்ட மீன்?

முதுகில் பாய்மரம் போல விரியும் துடுப்பு, ஈட்டி போல நீண்ட மேல்தாடை. மார்லின் குடும்பத்தைச் சேர்ந்த வேட்டை மீன். 3 மீட்டர் வரை வளரும், 100 கிலோவைத் தொடவும் செய்யும். நம் கடலில் தூண்டிலில் சிக்குபவை பெரும்பாலும் அதைவிடச் சிறியவை.

'ஆழ்கடல் மீன்' என்றதும் இருண்ட கடலடியில் வாழ்வதாக நினைக்க வேண்டாம். கரையிலிருந்து தள்ளிய திறந்த கடலில், பெரும்பாலும் மேல்மட்ட வெதுவெதுப்பான நீரில்தான் இது திரியும். இரை தேடி அவ்வப்போது ஆழத்துக்கும் இறங்கும்.

வேட்டையாடும் விதம் சுவாரசியமானது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, ஈட்டி மூக்கை மெதுவாகக் கூட்டத்துக்குள் நுழைத்து, சட்டென்று பக்கவாட்டில் வீசும். அடிபட்டுத் தடுமாறும் மீனைப் பிறகு விழுங்கும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த வீச்சைக் கேமராவில் பதிவு செய்து அளந்தது.

உலகின் வேகமான மீன் இதுதானா?

மணிக்கு 110 கிலோமீட்டர் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது பல பத்தாண்டுகளுக்கு முன், தூண்டில் நூல் எவ்வளவு வேகமாக ஓடியது என்பதை வைத்துப் போட்ட கணக்கு. தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பதை அளந்து 2016-இல் வெளியான ஆய்வு, உச்ச வேகம் வினாடிக்குச் சுமார் 8 மீட்டர் என்றது. அதாவது மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நம் டாமான் சாலையில் போகும் மோட்டார் சைக்கிள் வேகம்தான். ஆனால் தண்ணீருக்குள் அது சாதாரண விஷயம் இல்லை.

மலேசியாவில் எங்கே கிடைக்கும்?

பெயர் பெற்ற இடம் கெடாவில் இல்லை, பகாங்கின் ரொம்பின். வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய மாதங்களில், குறிப்பாக ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, நெத்திலி போன்ற சிறுமீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு லாயாரான் அங்கே வரும். திறந்த கடல் மீன் இப்படி ஆழம் குறைந்த கடலுக்குக் கூட்டமாக வருவதுதான் ரொம்பினின் சிறப்பு. அங்கு நடக்கும் அனைத்துலகத் தூண்டில் போட்டியில் மீனுக்கு அடையாள டேக் குத்தி விட்டுவிடுவதே விதி.

நம் பக்கம் மலாக்கா நீரிணை. தெற்கே பல இடங்களில் 30 மீட்டர் ஆழம்கூட இல்லாத இந்த நீரிணை, வடமேற்கே அந்தமான் கடலை நெருங்க நெருங்க 200 மீட்டர் வரை இறங்குகிறது. அதனால்தான் லங்காவியிலிருந்து கிளம்புபவர்களுக்கு தெங்கிரி, பாராகுடா, அரிதாக லாயாரான் என்று வேட்டை மீன்கள் கிடைக்கின்றன. கெடா கரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, நடுக்கடலில் தனியாக நிற்கும் பாறைத்தீவான புலாவ் பேராக் தூண்டில்காரர்களிடையே பிரபலமானதற்கும் இதுதான் காரணம்.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

முதல் வேலை இரை பிடிப்பது. 'அப்போலோ' எனப்படும் பல முள் கொண்ட நூலை இறக்கி, செலார், கெம்போங் போன்ற சிறுமீன்களை உயிரோடு பிடித்துத் தொட்டியில் விடுவார்கள். பிறகு பறவைகளைத் தேடுவார்கள். கடற்பறவைகள் ஒரே இடத்தில் பாய்ந்து பாய்ந்து இறங்கினால், கீழே யாரோ சிறுமீன்களை மேலே விரட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

உயிர் இரையை முள்ளில் கோத்து, நூலில் பலூன் கட்டி மிதக்க விடுவார்கள். லாயாரான் கடித்ததும் நூல் சீறிக்கொண்டு ஓடும். புதியவர்கள் இங்கேதான் பதறி, ஜோரானை வெடுக்கென்று இழுப்பார்கள். அப்படி இழுக்கக் கூடாது. ஏன்?

விட்டால் பிழைக்குமா?

அதை முதலில் தீர்மானிப்பது முள்ளின் வடிவம். ஆங்கில 'ஜே' போல இருக்கும் சாதா முள், மீன் இரையை விழுங்கிய பிறகு தொண்டையிலோ வயிற்றிலோ குத்திவிடலாம். நுனி உள்நோக்கி வளைந்த சர்க்கிள் ஹூக் அப்படி இல்லை. நூல் மெல்ல இறுகும்போது அது தொண்டையிலிருந்து வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். வெடுக்கென்று இழுத்தால் அது சரியாக மாட்டாமல் போகலாம்.

வித்தியாசம் எவ்வளவு? லாயாரானின் உறவான வெள்ளை மார்லினை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். மீன்களுக்குச் செயற்கைக்கோள் டேக் பொருத்திக் கண்காணித்தார்கள். சர்க்கிள் ஹூக்கில் பிடித்து விட்டவை அனைத்தும் பிழைத்தன. 'ஜே' முள்ளில் பிடித்து விட்டவற்றில் 65 விழுக்காடு மட்டுமே பிழைத்தன. அமெரிக்காவின் அட்லாண்டிக் பகுதியில் நடக்கும் பில்ஃபிஷ் போட்டிகளில் இயற்கை இரைக்குச் சர்க்கிள் ஹூக்கைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2008-இல் அமலுக்கு வந்தது.

அடுத்தது நேரம். நூல் மெல்லியதாக இருந்தால் போராட்டம் நீளும். மீன் களைத்து, அதன் உடலில் அமிலம் ஏறும். இந்த நிலையில் அதைத் தூக்கி மடியில் வைத்துப் படம் எடுப்பது, மாரத்தான் ஓடி முடித்தவரின் மூக்கையும் வாயையும் பொத்துவதற்குச் சமம். நீந்திப் போவது போலத் தெரியும் மீன், பிறகு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சாகலாம்.

சரியான முறை இதுதான்: மீனைத் தண்ணீரிலேயே வைத்திருங்கள். கையுறை போட்டு மூக்கைப் பிடியுங்கள். முள் உள்ளே போயிருந்தால் பிடுங்காமல் நூலை ஒட்ட வெட்டுங்கள். போட்டை மெதுவாக முன்னே செலுத்தினால் செவுள் வழியாகத் தண்ணீர் ஓடும். உடல் நிறம் தெளிந்து, வால் பலமாக அடிக்க ஆரம்பித்ததும் விடுங்கள். படம் வேண்டுமா? தண்ணீரில் இருக்கும்போதே எடுங்கள்.

நான் ஒருத்தன் விட்டால் என்ன ஆகிவிடும்?

நியாயமான கேள்விதான். இந்தியப் பெருங்கடலில் லாயாரானை அதிகம் பிடிப்பது தூண்டில் அல்ல, செவுள் வலை. 2018-இல் இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம், இந்த இனத்தின் மொத்தப் பிடிப்பு ஆண்டுக்கு 25,000 டன்னைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. மலேசியாவும் அதில் உறுப்பு நாடு. உலகச் சிவப்புப் பட்டியலிலும் லாயாரான் இப்போது 'அழிவாய்ப்பு' இனமாக இருக்கிறது.

வலைகளின் பாரத்தை வார இறுதித் தூண்டில்காரர்கள் சுமக்க முடியாது. ஆனால் "பிடிச்சோம், விட்டோம்" என்று சொல்லும்போது அந்த விடுதலையாவது நிஜமாக இருக்க வேண்டும் அல்லவா?

வீட்டுக்குக் கொண்டுபோய் குழம்பு வைக்கலாமே என்றால், அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேரும். மார்லின், வாள்மீன் ஆகியவற்றைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது.

கெடாவிலிருந்து கிளம்பும் முன்

பாயார் தீவு கடல் பூங்காவில் தூண்டில் போடாதீர்கள். பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங் ஆகிய நான்கு தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல் வரை மீன்பிடிக்கத் தடை. லங்காவிக்கு வடக்கே தாய்லாந்து எல்லை மிக அருகில். ஜிபிஎஸ்ஸில் எல்லைக்கோட்டைக் குறித்து வையுங்கள்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' புயல்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் காலையிலும் மேற்குக் கரையைத் தாக்கும். தூண்டில்காரர்கள் ஜெட்டியை விட்டுக் கிளம்பும் நேரமும் அதுதான். மைசுவாச்சா செயலியில் காற்று, அலை எச்சரிக்கையைப் பாருங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பாதுகாப்பு அங்கியைப் போட்டின் மூலையில் வைக்காமல் உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் 999.