வாசலில் விரித்த பச்சைப் புல்லும் மணியும்

தீபாவளி கழிந்து இரண்டு மாதம் இருக்கும். பள்ளி முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில், "டீச்சரம்மா இருக்கீங்களா?" என்று குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் பின்வரிசை வீட்டு அக்கா. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் பால் வெட்டி, பிறகு செம்பனைக்கு உரம் போட்டு, உழைத்து ஓய்ந்தவர். லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு இந்த அம்பாங் பெச்சா தாமானுக்கு வந்தபோது அவர் விடாமல் கொண்டு வந்தவை மூன்று. அம்மன் படம், அம்மிக்கல், மணி என்கிற நாய்.

"மகன் மணியைத் தோட்டத்துலேயே கொண்டுபோய் விட்டுட்டு வர்றேங்கிறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்" என்றார். கண் கலங்கியிருந்தது.

என்ன குற்றம் செய்தது மணி? விசாரித்தேன். குற்றம் மணியுடையது அல்ல, புல்லுடையது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்தது.

தீபாவளிக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மகன் பட்டணத்திலிருந்து செயற்கைப் புல் ஒரு சுருள் வாங்கி வந்து, முன்வாசல் சிமெண்டுத் தரை முழுவதும் விரித்துவிட்டார். பார்ப்பதற்கு அழகுதான். தீபாவளிக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். மணிக்கு மட்டும் அது படம் எடுக்கிற இடமாகத் தெரியவில்லை. புல் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தோட்டத்தில் எட்டு வருடம் வளர்ந்த நாய்க்குத் தெரியாதா? தன் கடமையைச் செய்தது. மூன்றாம் வாரம் வாசலில் உட்கார முடியவில்லை. ஐந்தாம் வாரம் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மிகவும் தயங்கி, மரியாதையாக ஒரு வார்த்தை சொன்னார். அன்று இரவுதான் மகன் அந்த முடிவுக்கு வந்தார்.

சகோதரிகளே, தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த குடும்பங்களில் இப்போது அநேகர் இந்தப் புல்லை வாங்குகிறார்கள். நாயும் வைத்திருக்கிறார்கள். ஆகவே இந்த மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

மறுநாள் மாலை அக்காவின் வீட்டுக்குப் போனேன். "தம்பி, இந்தப் புல்லின் ஒரு மூலையைத் தூக்குங்கள், பார்ப்போம்" என்றேன். தூக்கினார். தூக்கியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடியில் சிமெண்டு ஈரமாக, மஞ்சள் பூத்து, வழவழவென்று இருந்தது. புல்லின் அடித்துணியில் துளைகள் இருக்கத்தான் செய்தன. துளை வழியே இறங்கிய மூத்திரம் எங்கே போகும்? சமதளமான சிமெண்டில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. மேலே தகரக் கூரை. மழையும் படாது, வெயிலும் படாது.

அக்காவுக்கு விளக்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. "அக்கா, உரம் போடும் காலத்தில் ஸ்டோரில் யூரியா மூட்டை நனைந்துவிட்டால் எப்படி இருக்கும்?" என்றேன். "ஐயோ, மூக்கை அரிக்கும், கண்ணுல தண்ணி வரும்" என்றார். அதுதான் இது. நாயின் மூத்திரத்தில் இருப்பதும் யூரியாதான். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைச் சிதைத்து அம்மோனியா ஆக்குகின்றன. மண்ணில் விழுந்தால் மண்ணில் உள்ள கிருமிகள் அதை மேலும் மாற்றி வேருக்கு உணவாக்கிவிடும். பிளாஸ்டிக் புல்லுக்கு வேர் ஏது? சாப்பிட ஆள் இல்லாத சோறு புளிப்பதுபோல அது அங்கேயே கிடந்து நாறுகிறது.

உண்மைப் புல்லில்கூட, ஒரே இடத்தில் நாய் தினமும் போனால் நடுவில் கருகி, சுற்றிலும் கரும்பச்சை வளையமாக வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் உரம் மிகுதி, ஓரத்தில் உரம் அளவு. செம்பனைக் கன்றின் அடியில் உரத்தைக் குவித்தால் கன்று கருகும், வட்டமாகத் தள்ளிப் போட்டால் தழைக்கும் என்று அக்காவுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

இந்தச் செயற்கைப் புல் எப்படிப் புகழ் பெற்றது என்று தெரிந்தால் அதன் குணமும் தெரியும். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 1965-இல் கூரை போட்ட ஒரு பெரிய விளையாட்டு அரங்கம் திறந்தார்கள். முதலில் உண்மைப் புல்லைத்தான் வளர்த்தார்கள். கூரைக் கண்ணாடியின் கூச்சத்தில் பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் முறையிட, கண்ணாடிக்கு வர்ணம் பூசினார்கள். வெளிச்சம் போதாமல் புல் செத்தது. அதன்பின் 1966-இல் அங்கே பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் மறக்காத உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி 1975-இல் கோலாலம்பூரில் நடந்தது உண்மைப் புல்லில். அடுத்த ஆண்டே மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் திடலுக்கு மாறிவிட்டது. இன்றைக்கும் பெரிய ஹாக்கி ஆட்டங்களுக்கு முன் திடலுக்குத் தண்ணீர் பீய்ச்சுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம். ஆக, வெயில் இல்லாத இடத்தில் பெயர் வாங்கிய பொருள் இது. வெயிலில் விரித்தால் தண்ணீர் கேட்கும்.

எவ்வளவு சூடாகும் என்கிறீர்களா? அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துப் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002-இல் அளந்தார்கள். காற்றின் வெப்பம் 37 பாகை இருந்த ஒரு நாளில் செயற்கைத் திடலின் மேற்பரப்பு 93 பாகை வரை ஏறியது. தண்ணீர் தெளித்தால் இறங்கியது, ஆனால் சில நிமிடங்களிலேயே மறுபடியும் ஏறிவிட்டது. உண்மைப் புல் தன் உடலிலிருந்து நீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அந்த வித்தை தெரியாது. நம் ஊரில் அந்த அளவுக்கு ஏறுகிறதோ இல்லையோ, நண்பகலில் புறங்கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஏழு எண்ணும்வரை வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதம் அங்கே வெந்துபோகும். நாய்க்குச் செருப்பு கிடையாது.

ஆகவே கூரைக்கு அடியில் விரித்தால் நாற்றம், வெட்டவெளியில் விரித்தால் சூடு. இரண்டுக்கும் நடுவே, மழை படும்படியாகவும் நண்பகல் வெயில் படாதபடியாகவும் ஓர் இடம் உங்கள் வீட்டில் இருந்தால் அங்கே போடலாம். அப்படி ஓர் இடம் இல்லையென்றால், என் கருத்தைக் கேட்டால், அந்தக் காசில் வேறு ஏதாவது வாங்குங்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்குச் சில விவரங்கள் சொல்கிறேன். கடையில் தடித்து, நீண்டு, மெத்தென்று இருப்பதைத்தான் முதலில் காட்டுவார்கள். நாய் உள்ள வீட்டுக்கு அது ஆகாது. இழை நீளமாக இருந்தால் மலம் அதற்குள் சிக்கிக்கொள்ளும். ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் அளவே போதும். அக்காவின் மகன் வாங்கியது 40 மில்லிமீட்டர். இழைகளுக்கு அடியில் பழுப்பு நிறத்தில் சுருள் சுருளாக இருக்கிறதே, காய்ந்த புல் போலத் தோன்றுவதற்காக வைத்தது, அது குறைவாக இருப்பதைக் கேளுங்கள். நாற்றம் தங்கும் இடம் அதுதான்.

பிறகு திருப்பிப் பாருங்கள். எல்லாரும் முகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள், முதுகைப் பார்ப்பதில்லை. அடித்துணியில் இழைகளைப் பிடித்து நிறுத்தப் பால் பூசியிருப்பார்கள். நம் பாட்டிமார் மங்கில் சுமந்த ரப்பர் பால் அல்ல, பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்கிற செயற்கைப் பால். இன்னொரு வகையில் பாலியூரிதீன் பூசுவார்கள். இது விலை கூடினாலும் ஈரத்தை உறிஞ்சாது. நாய் வீட்டுக்கு இதுவே மேல். துளைகள் நெருக்கமாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழையை நான்கு தடவை இழுத்துப் பாருங்கள். கையோடு வருகிறதென்றால் நாயின் வாயோடும் வரும், வயிற்றுக்குள்ளும் போகும். குட்டி நாய் கடிக்காமல் விடாது.

ஒரு சாண் துண்டு மாதிரி கேட்டு வாங்கி வாருங்கள். கொடுக்காத கடையில் வாங்காதீர்கள். அதை வாசலில் வைத்து ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தரை கால்வாயை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நூறு அடிக்கு ஓர் அடி சாய்வாவது வேண்டும் என்பது கொத்தனார் கணக்கு. சாய்வு இல்லாத தரையில் எந்தப் புல்லைப் போட்டாலும் அக்காவின் வாசல்தான்.

நாம் இருக்கும் ஊரின் பெயரே தண்ணீர்க் கதைதான். மலாய் மொழியில் 'அம்பாங்' என்றால் அணை, 'பெச்சா' என்றால் உடைந்தது. 1883-ஆம் ஆண்டு அக்டோபரில் மேலே இருந்த அணை உடைந்து பழைய கோல கூபுவை அடித்துக்கொண்டு போனது. அந்த ஊரின் அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரரும் அதில் மாண்டார். பின்னாளில் மண் சேர்ந்து வெள்ளம் விடாமல் வரவே, பட்டணத்தையே மேட்டுக்கு மாற்றி கோல கூபு பாரு என்று பெயரிட்டார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நான் ஆண்டுதோறும் சொல்கிறேன். வாசலில் புல் விரிக்கும்போது எனக்கே அது ஞாபகம் வரவில்லை என்பது வேறு விஷயம். என் வீட்டுப் பின்புறத்திலும் ஒரு துண்டு கிடந்தது, பாசி பிடித்து வழுக்கி, சென்ற ஆண்டு எடுத்துவிட்டேன்.

சுத்தம் செய்வது பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. நாற்றம் தாங்காமல் அக்கா வெளுப்புத் திரவத்தை ஊற்றப் போயிருக்கிறார். நல்ல வேளை, பாட்டில் காலி. குளோரின் உள்ள வெளுப்புத் திரவம் மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சுப் புகை கிளம்பும். நெஞ்சை அடைக்கும். ஒருபோதும் செய்யாதீர்கள். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிறகு ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, கால் மணி நேரம் விட்டு, மறுபடியும் அலசுங்கள். அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் தட்டுகளை வைத்துப் புல்லை ஓர் அங்குலம் உயர்த்தினால் தண்ணீர் ஓடும். தட்டில் தண்ணீர் தேங்கும் குழி இருக்கக் கூடாது, ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். ஓரங்களைத் தூக்கி உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள். நாய் உண்ணி இப்படிப்பட்ட இடுக்கில்தான் முட்டையிடும்.

மலத்தை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். இது எந்தப் புல்லுக்கும் பொருந்தும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொக்கிப்புழுவுக்கு மருந்து குடித்தது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நாய், பூனைகளிடம் உள்ள ஒருவகைக் கொக்கிப்புழு மனிதர் குடலிலும் வாழக்கூடியது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தீபகற்ப மலேசியாவின் ஏழைக் கிராமத்து மக்களிடமும் அந்தப் புழுவைக் கண்டார்கள். ஈர மண்ணில் முட்டை பொரித்து, வெறுங்காலின் தோல் வழியே ஏறும். பிள்ளைகள் விளையாடும் இடமும் நாய் போகும் இடமும் வேறு வேறாக இருக்கட்டும். நாய்க்குப் புழு மருந்து எப்போது கொடுப்பது என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். ஊராட்சி மன்றத்து உரிமத்தையும் ஆண்டுதோறும் புதுப்பித்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், என்பது அவர்களுடைய சமய முறை. நாம் வாசலைக் கழுவி விடுகிற தண்ணீர் அவர்கள் வாசல் வழியே போனால் அவர்களுக்கு எவ்வளவு சங்கடம்! அத்தனை சங்கடத்தையும் வைத்துக்கொண்டு ஐந்து வாரம் பொறுத்துப் பிறகுதான் பேசியிருக்கிறார். "தம்பி, மணியை விடுவதற்கு முன் இந்தத் தண்ணீரைத் திருப்பிவிடு" என்றேன். ஒரு சின்ன சிமெண்டு வரப்பு போதுமானதாக இருந்தது. தண்ணீர் இப்போது அவர்கள் வீட்டுப் பக்கவாட்டுக் கால்வாயிலேயே இறங்குகிறது.

பக்கவாட்டில் வேலியோரம் மூன்றடி அகலத்துக்கு மண் இருந்தது, பழைய சட்டிகளும் உடைந்த நாற்காலியும் கிடந்த இடம். அதைச் சுத்தம் செய்து மாட்டுப் புல் நட்டோம். நர்சரியில் கௌ கிராஸ் என்று கேட்டால் தருவார்கள். அகன்ற இலை, படர்ந்து ஓடும், கொஞ்சம் நிழலிலும் வளரும். அருகம்புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும், வேலியோரத்தில் அது தாக்குப்பிடிக்காது. மணி வாசலில் போன இடத்தைத் துடைத்த பழைய செய்தித்தாளை அந்த மண்ணில் இரண்டு நாள் போட்டு வைத்தோம். மூன்றாம் நாளிலிருந்து காலையில் அக்கா கயிற்றோடு அங்கே கூட்டிப் போகிறார். போனதும் ஒரு வாளி தண்ணீர். புல் கருகவில்லை. ஒரு வாரம் மழை பெய்யாதபோது மட்டும் ஓர் இடம் மஞ்சளானது.

தோட்டத்தில் விடுவது பற்றித் தம்பியிடம் நான் அதிகம் பேசவில்லை. "அங்கே யார் இருக்கிறார்கள், சோறு போட?" என்று மட்டும் கேட்டேன். லயம் காலியாகி இரண்டு வருடம் ஆகிறது. அவர் பதில் சொல்லவில்லை, வரப்புக்குச் சிமெண்டு வாங்கப் போய்விட்டார்.

நாறிய பகுதியை வெட்டி எறிந்தாகிவிட்டது. கெடாத துண்டு ஆறடிக்கு நான்கடி மிஞ்சியது. கழுவிக் காய வைத்து, சனிக்கிழமைதோறும் தூக்கி அலசும்படி வாசற்படியில் போட்டிருக்கிறார்கள். அக்கா மாலையில் அதில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார். மணி அதன்மேல் படுப்பதில்லை. பக்கத்தில், வெறும் சிமெண்டில்தான் படுத்திருக்கிறது.