ஆகஸ்ட் 4

முதல் உலக யுத்தம் எப்படி மூண்டது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூடப் பதில் சொல்லும்: 1914 ஜூன் 28ந் தேதி சாராஜிவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரை ஓர் இளைஞன் சுட்டான்; யுத்தம் வந்தது! பிரிட்டிஷ் பிரதமராயிருந்த லாயிட் ஜார்ஜோ, யாரும் விரும்பாமலே நாடுகள் யுத்தத்துக்குள் வழுக்கி விழுந்துவிட்டதாகப் பின்னாளில் எழுதினார். வழுக்கி விழுந்தனவாம்! மொராக்கோவுக்காக 1905லும் 1911லும் பிரான்சும் ஜெர்மனியும் முறைத்து நின்றனவே, அது வழுக்கலா? 1908ல் ஆஸ்திரியா பாஸ்னியாவை விழுங்கியதும், பிரிட்டனும் ஜெர்மனியும் போட்டியிட்டுப் போர்க்கப்பல் கட்டியதும் வழுக்கலா? உலகைப் பங்கிட்டு முடித்தவர்களுக்கும் மறுபங்கு கேட்டவர்களுக்கும் மூண்ட சண்டை அது.

இவையெல்லாம் தோழர்கள் பலமுறை படித்தவை. நாம் போதிய அளவு படிக்காத பக்கம் ஒன்று உண்டு. அது நம்முடைய பக்கம்.

ஜெர்மன் சோஷல் டெமாக்ரடிக் கட்சி அன்று உலகத் தொழிலாளரின் பெருமிதமாக விளங்கியது. 1912 தேர்தலில் ரீச்ஸ்டாக்கின் 397 இடங்களில் 110 இடங்களை வென்ற கட்சி. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். அவ்வாண்டு நவம்பரில் பாசெல் நகரத் தேவாலயத்தில் கூடிய அகிலத்தின் மாநாட்டில், யுத்தத்தைத் தடுக்க அனைத்தும் செய்வோம் என்று உறுதி பூண்ட கட்சிகளில் அதுவே முதன்மையானது. 1914 ஜூலை கடைசியிலும் அதன் அழைப்பை ஏற்றுப் பெர்லின் வீதிகளில் தொழிலாளர் திரண்டு யுத்தம் வேண்டாமென முழங்கினர்.

அடுத்த வாரம் என்ன நடந்தது? ஆகஸ்ட் 3ந் தேதி அக்கட்சியின் பார்லிமெண்டுக் குழு கூடியது. கெய்சர் கேட்ட 500 கோடி மார்க் யுத்தக் கடனை ஆதரிக்க 78 பேர். எதிர்க்க 14 பேர். மறுநாள் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தது. அதே நாளில் கட்சி ஒருமனதாக ஆதரவு வாக்களித்தது. உட்கூட்டத்தில் எதிர்த்த ஹ்யூகோ ஹாசேயே ஆதரவு அறிக்கையை வாசித்தார். கார்ல் லீப்னெக்டும் அன்று ஆதரித்தே வாக்களித்தார். காரணம், கட்சிக் கட்டுப்பாடு!

கட்டுப்பாடு இல்லாத கட்சி கூட்டமே தவிரக் கட்சியாகாது என்பதை நாம் அறிவோம். ஆனால், எதற்கு அடங்கிய கட்டுப்பாடு அது? பாசெலில் உலகறிய எடுத்த முடிவை மீறிய 78 பேர், அம்முடிவைக் காக்க நின்ற 14 பேரைப் பார்த்துக் "கட்டுப்படு" என்றார்கள். யார் கட்டுப்பாட்டை உடைத்தவர்கள்?

ஜார் படை வந்து நாட்டைச் சூறையாடிவிடும், ஆகவே ஆதரித்தோம் என்பது அவர்கள் சொன்ன சமாதானம். அந்த ஜாரின் பிடிக்குள்ளேயே இருந்த போல்ஷ்விக் டூமா உறுப்பினர் ஐவர் யுத்த நிதியை மறுத்தனர். நவம்பரில் கைதாகிச் சைபீரியாவுக்குப் போயினர். படையெடுப்புக்கு உள்ளான செர்பியாவிலும் இரண்டு சோஷலிஸ்டு உறுப்பினர்கள் எதிர்த்தே வாக்களித்தனர். அவர்களுக்கில்லாத அச்சம் 110 இடம் படைத்த கட்சிக்கு எங்கிருந்து வந்தது? இடங்களை இழப்போம், பத்திரிகைகளை மூடுவார்கள், கட்டடங்கள் பறிபோகும் என்ற அச்சமே அது. சேர்த்துவைத்த சொத்து, சேர்த்தவனையே காவலுக்கு நிறுத்திவிட்டது.

விலை கொடுத்தவர் யார்? ஜெர்மன் வீரர்களில் சுமார் 20 லட்சம் பேர், பிரெஞ்சு வீரர்களில் சுமார் 14 லட்சம் பேர் மாண்டனர். 1916ல் சோம் நதிக்கரையில் முதல் நாளில் மட்டும் 19,000க்கு மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் பிணமாயினர். யாருடைய சண்டை என்றே அறியாத இந்தியச் சிப்பாய்கள் சுமார் 74,000 பேர் உயிர் நீத்தனர். அதற்கு 1919ல் ரௌலட் சட்டத்தையும் ஜாலியன்வாலா பாக்கையும் பரிசாகப் பெற்றோம். பெர்லின் தொழிலாளியின் குடும்பம் 1916–17 குளிர்காலத்தில் டர்னிப் கிழங்கைத் தின்று பசியாறியது. க்ரூப் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? தன் உரிமம் பெற்ற வெடிப்புக் கருவியைப் பிரிட்டிஷ் குண்டுகளில் பயன்படுத்தியதற்குக் காசு கேட்டு, யுத்தம் முடிந்த பின் விக்கர்ஸ் கம்பெனி மீது உரிமை கோரியது. ஜெர்மானியனைக் கொன்ற குண்டுக்கு ஜெர்மன் முதலாளி கூலி கேட்டான்!

லீப்னெக்ட் தம் தவறை உணர நான்கு மாதம் பிடித்தது. டிசம்பர் 2ந் தேதி இரண்டாம் யுத்தக் கடன் வந்தபோது தன்னந்தனியாக எதிர்த்து வாக்களித்தார். 1916 மே தினத்தில் பெர்லின் பாட்ஸ்டாம் சதுக்கத்தில் "யுத்தம் ஒழிக" என்று முழங்கிக் கைதானார். அவர் மீதான விசாரணையை ஒட்டி, பெர்லின் ஆயுதத் தொழிற்சாலைகளில் 50,000க்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தனர். அந்தத் தொழிலாளர் 1914லும் இருந்தார்கள்; அழைக்கத்தான் ஆளில்லை.

1919 ஜனவரி 15ந் தேதி அவரும் ரோசா லக்சம்பர்கும் கொல்லப்பட்டனர். கொன்ற படையினரை ஏவி விட்டிருந்தது, அதே சோஷல் டெமாக்ரடிக் கட்சியின் எபர்ட்டும் நோஸ்கேயும் நடத்திய அரசு. பாரிசிலோ, யுத்தத்தைத் தடுக்கப் போராடி 1914 ஜூலை 31ந் தேதி சுடப்பட்டு இறந்த ஜான் ஜோரேயின் கொலையாளியை 1919 மார்ச்சில் நீதிமன்றம் விடுதலை செய்தது. வழக்குச் செலவைக் கட்டும்படி விதவைக்கு உத்தரவிட்டது!

வெர்சேல்சில் போட்ட நஷ்டஈட்டுச் சுமை தொடர்பான கடைசித் தவணையை ஜெர்மனி கட்டியது 2010 அக்டோபரில். தொழிலாளி வர்க்கம் கட்டிய தவணை அதற்கு வெகு முன்னரே வந்துவிட்டது. 1933 மார்ச் 23ந் தேதி ஹிட்லர் சர்வாதிகாரச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது சோஷல் டெமாக்ரடிக் உறுப்பினர் 94 பேர் எதிர்த்து வாக்களித்தனர். சீருடை அணிந்த குண்டர்கள் சூழ்ந்திருக்க அவ்வாறு வாக்களித்தது துணிச்சலே. அதை மறைப்பது நமக்கு அழகல்ல. அவர்கள் சார்பில் பேசிய ஓட்டோ வெல்ஸ், 1914லும் ரீச்ஸ்டாக் உறுப்பினர். கம்யூனிஸ்டுகள் வென்ற 81 இடங்கள் அன்று காலியாக இருந்தன.