மேடு ஏறினால் மட்டும் போதுமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒகேனக்கல்லுக்கு வரும் கார்களைப் பாருங்கள். சின்னக் காராக இருந்தாலும் ஜீப் மாதிரி உயர்ந்து நிற்பவைதான் அதிகம். "க்ராஸ்ஓவர்", "எஸ்.யு.வி." என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடப் பெயர் சொல்கின்றன. வாங்குவதற்கு முன் வீட்டுப் பெண்கள் யோசிக்க வேண்டிய விஷயங்களை இந்த முறை பார்ப்போமே.

அருவிக்குப் போகிற வழியில் மீன் வறுவல் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்து மருமகள் என்னிடம் கேட்டாள்: "அக்கா, அவரு ஜிம்னிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. எனக்கு பஞ்ச் போதும்னு தோணுது. தவணை கட்டறது கடை வருமானத்திலதானே? நீங்க என்ன சொல்றீங்க?"

நல்ல கேள்வி. இரண்டும் நான்கு மீட்டருக்குள் அடங்கும் வண்டிகள்தாம். ஆனால் ஜாதி வேறு.

மாருதியின் ஜிம்னி ஐந்து கதவுகளோடு 2023 ஜூனில் விற்பனைக்கு வந்தது. 1985-ல் வந்து, ராணுவத்துக்கும் வனத்துறைக்கும் உழைத்த ஜிப்ஸியின் வம்சம். லாரிக்கு இருப்பதுபோல ஏணி வடிவ இரும்புச் சட்டத்தின் மேல் உடம்பு உட்கார்ந்திருக்கிறது. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் 210 மில்லிமீட்டர் இடைவெளி. தேவைப்பட்டால் நான்கு சக்கரங்களும் இழுக்கும். அதற்கென்று தனியாக ஒரு சின்ன லீவர் உண்டு. அதை 'லோ' என்ற நிலைக்குத் தள்ளினால் சக்கரங்கள் மெதுவாகச் சுற்றும், இழுவை ஜாஸ்தியாகும். சேற்றிலும் சரளையிலும் ஏற்றத்திலும் இதற்கு ஈடு சொல்வது கஷ்டம்.

டாடாவின் பஞ்ச் 2021 அக்டோபரில் வந்தது. வந்தபோது தரை இடைவெளி 187 மில்லிமீட்டர். முன் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். தானாக கியர் மாற்றும் மாடலில், ஒரு சக்கரம் சேற்றில் வீணாகச் சுற்றினால் அதை மட்டும் பிரேக் பிடித்து, இழுவையை அடுத்த சக்கரத்துக்கு அனுப்பும் வசதி வைத்தார்கள். மேடுபள்ளமான கிராமத்துப் பாதைக்கு இது தாராளம். பாறை ஏற அல்ல.

இனி வீட்டுக்கு உள்ளே வருவோம்.

முதலில் ஏறி இறங்குவது. நம் தருமபுரி மாவட்டத்தில் கிணற்றுத் தண்ணீரின் ஃப்ளோரைடு எத்தனை பெரியவர்களின் மூட்டுகளை இறுக்கிவிட்டது என்று உங்களுக்கே தெரியும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது பிள்ளைகளுக்காவது விமோசனம். வயதானவர்களின் வலி இருக்கத்தான் செய்கிறது. அவர்களுக்குத் தாழ்வான காரில் குனிந்து விழுகிற மாதிரி உட்காருவதும் சிரமம், மிக உயரமான வண்டியில் காலைத் தூக்கி வைப்பதும் சிரமம். இருக்கை இடுப்பு உயரத்தில் இருந்தால் நல்லது. பஞ்சின் கதவுகள் 90 டிகிரி விரிந்து திறக்கின்றன. புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு அது எத்தனை சௌகரியம்! ஜிம்னியில் இன்னும் சற்று எம்பித்தான் ஏற வேண்டும்.

அடுத்தது இடம். ஜிம்னியில் நான்கு பேருக்குத்தான் இருக்கை. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டால் மாமியார் வாசலில் நிற்க வேண்டியதுதான்! பின் இருக்கையை மடிக்காவிட்டால் சாமான் வைக்க 208 லிட்டர் இடம். பஞ்சில் ஐந்து பேர், சாமானுக்கு 366 லிட்டர். கடைக்கு எண்ணெய் டின்னும் மசாலா மூட்டையும் ஏற்றுகிற வீட்டில் இது சின்ன வித்தியாசமா?

பத்திரம் எப்படி? குளோபல் என்கேப் என்ற அமைப்பு 2021-ல் மோதிப் பார்த்த சோதனையில் பஞ்ச் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரமும், குழந்தைகளுக்கு நான்கும் வாங்கியது. ஜிம்னியின் மூன்று கதவு மாடலுக்கு 2018-ல் ஐரோப்பியச் சோதனையில் மூன்று நட்சத்திரம்தான். இங்கே விற்கிற ஐந்து கதவு மாடலில் ஆறு காற்றுப்பைகள் இருக்கின்றன. எந்த வண்டியானாலும் குழந்தையை மடியில் வைத்து முன் இருக்கையில் உட்காராதீர்கள்.

பஞ்சின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அது மூன்று சிலிண்டர், 1,199 சி.சி. எஞ்சின். ஐந்து பேரோடு மலைப்பாதையில் ஏறும்போது முக்கி முனகும். அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டும். ஜிம்னிக்கு 1.5 லிட்டர் எஞ்சின், அந்தச் சிரமம் குறைவு. ஆனால் நல்ல தார் ரோட்டில் ஜிம்னி குலுங்கும், வளைவுகளில் சாயும். அருவியில் குளித்து, வறுத்த மீனும் சாப்பிட்டுவிட்டு பென்னாகரம் மலை ஏறினால் பிள்ளைகளுக்குக் குமட்டாமல் என்ன செய்யும்? உயரமான எந்த வண்டிக்கும் இது பொருந்தும். லேசாகச் சாப்பிட்டு, தூரத்தைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள்.

இப்போது காசுக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் 1,200 சி.சி. வரையுள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பஞ்ச் இதில் அடங்கும். ஜிம்னியின் நீளம் குறைவுதான், எஞ்சின் பெரிது. ஆகவே 40 சதவீதம். இரண்டுக்கும் நடுவே ஐந்து லட்ச ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து லட்சத்தை மட்டும் 9 சதவீத வட்டியில் ஏழு வருஷக் கடனாக வாங்கினால் மாதம் சுமார் 8,045 ரூபாய் தவணை. முடிவில் கட்டியது 6 லட்சத்து 75 ஆயிரத்துக்கும் மேல்! கம்பெனிக் கணக்குப்படி கைகியர் ஜிம்னி லிட்டருக்கு 16.94 கிலோமீட்டர், பஞ்ச் வந்தபோது 18.97. நம் ரோட்டில் 12-ம் 15-ம் என்று குறைத்தே போடுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் ஜிம்னி 17 லிட்டர் கூடுதலாகக் குடிக்கும்.

கர்நாடகத்து அணைகள் திறந்து காவிரி பெருகினால் பரிசலை நிறுத்திவிடுகிறார்கள். குளிக்கவும் தடை. அந்த நாட்களில் வறுவல் சட்டி காய்ந்து கிடக்கும். தவணைத் தேதி மட்டும் காயாது. வெள்ளம் வந்த மாதத்திலும் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்த்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"நாலு சக்கரமும் இழுத்தா காட்டுக்குள்ள போலாமே?" என்கிறார்களாம் வீட்டுக்காரர். போகக்கூடாது. இங்குள்ள காடுகளில் பெரும்பகுதி 2014-ல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றி ரோட்டை விட்டு இறங்குவது குற்றம். ஆற்றிலும் வண்டியை இறக்காதீர்கள். பஞ்ச் 370 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும் என்பது தேங்கிய தண்ணீருக்கு. ஓடுகிற வெள்ளம் உயரமான வண்டியையும் உருட்டிவிடும். ஜிம்னியை நான்கு சக்கர இழுவையில் வைத்துக் காய்ந்த தார் ரோட்டில் ஓட்டினால் பாகங்கள் இறுகித் தேயும். ஆகவே தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் வரையுள்ள 46 கிலோமீட்டரில் அந்த விலையுயர்ந்த வசதிக்கு வேலையே இல்லை.

மலை இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். யானை தெரிந்தால் தள்ளியே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், கீழே இறங்க வேண்டாம்.

என் அபிப்பிராயம் இதுதான். உங்கள் வாசலிலிருந்து தார் ரோடு வரை மழை நாளில் ஒரு தடவை நடந்து பாருங்கள். வழுக்கும் செம்மண் ஏற்றமோ, கல் நிறைந்த தோட்டப் பாதையோ தினமும் கடக்க வேண்டியிருந்தால் ஜிம்னிக்குக் கொடுக்கிற பணம் தகும். ராத்திரி வலி கண்ட பிள்ளைத்தாய்ச்சியை அந்தப் பாதையில் இறக்கிக் கொண்டுபோக அது உதவும். மற்றவர்களுக்கு பஞ்ச் மாதிரி வண்டி போதும். மீதிப் பணத்தில் வீட்டுப் பெண் ஒருத்தி கார் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும்.

கடையில் ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். மாமியாரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போங்கள். எல்லாரும் முகம் சுளிக்காமல் ஏறி இறங்கினால் அப்புறம் முன்பணம் கொடுக்கலாம்.