செத்த சிப்பாயின் பேட்ஜிலும் டூப்! திருப்பிக் காட்டாத வியாபாரியிடம் வாங்கலாமா?

பழைய பட்டாளத் தொப்பி பேட்ஜ் சேர்ப்பது இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பலருக்குப் பைத்தியம். தபால்தலை, பழைய காசு சேர்க்கிற மாதிரிதான். ஆனால் ஒரு வித்தியாசம். இந்தப் பித்தளைத் துண்டை ஒருவன் தலையில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனான். போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

அதிலும் புகுந்து விளையாடுகிறார்கள் போலிப் பேர்வழிகள்!

ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்று ஒரு ஐரிஷ் பட்டாளம் இருந்தது. அதன் பேட்ஜைப் பாருங்கள். தீ கக்கும் ஒரு குண்டு. குண்டின் வயிற்றில் மேலே புலி, கீழே யானை. அயர்லாந்தில் ஏது புலி? ஏது யானை?

எல்லாம் நம்ம ஊர்ச் சரக்கு! கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் வைத்திருந்த வெள்ளைக்காரப் பட்டாளம்தான் இதற்குப் பாட்டன். ஆற்காடு, வந்தவாசி, சோளிங்கர் என்று நமக்குத் தெரிந்த ஊர்களெல்லாம் அதன் போர்ப் பட்டியலில் இருக்கின்றன. 1881-ல் அதையும் பம்பாய்ப் பட்டாளம் ஒன்றையும் சேர்த்து டப்ளின் பெயரைச் சூட்டினார்கள்.

1915 ஏப்ரல் 25-ந் தேதி இதன் முதல் பட்டாலியன் கல்லிப்போலிக் கரையில் படகில் போய் இறங்கியது. துருக்கிப் படை குண்டு மாரி பொழிந்தது. கரையில் கால் வைக்கும் முன்பே ஏராளமானோர் செத்து விழுந்தார்கள். 1922-ல் பட்டாளத்தையே கலைத்துவிட்டார்கள்.

கலைத்த பட்டாளம் என்றால் போலிக்காரனுக்குக் கொண்டாட்டம். அசல் இனிமேல் வராது. கேட்கிற ஆளோ குறைவதில்லை. விடுவானா?

எப்படி அடிக்கிறார்கள்?

இதில் இரண்டு ரகம். ஒன்று வார்ப்பு. அசலை வைத்து அச்செடுத்து, உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுவது. இது கத்துக்குட்டி வேலை. உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் அசலைவிட ஒரு மயிரிழை சின்னதாக இருக்கும். யானையின் தும்பிக்கை மழுங்கிக் கிடக்கும். பூதக்கண்ணாடி வைத்தால் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகத் தெரியும். ஓரத்தில் அரம் போட்ட கோடும் சில சமயம் மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று பலே கில்லாடிகள் வேலை. பழைய அச்சுக்கட்டையையே தேடிப் பிடித்து, அல்லது அதே மாதிரி புதிதாக வெட்டி, தகட்டை வைத்து அடிப்பது. முன்பக்கம் பார்த்தால் அனுபவசாலிக்கே தலை சுற்றும்.

அங்கேதான் பின்பக்கம் காட்டிக் கொடுக்கிறது. பேட்ஜைத் தொப்பியில் செருகப் பின்னால் நாக்கு மாதிரி ஒரு பட்டை இருக்கும். அந்தப் பட்டையின் கனம், அகலம், முனை, பற்றவைத்த விதம் எல்லாவற்றுக்கும் ஒரு வழக்கம் உண்டு. போலிக்காரன் முகத்துக்குப் படுகிற பாட்டில் பாதிகூட முதுகுக்குப் படுவதில்லை. பட்டையில் 'ஜே.ஆர். காண்ட், லண்டன்' என்று பழைய கம்பெனி பெயர் இருந்தால் போதும், அசல்தான் என்று பல பேர் வாயைப் பிளக்கிறார்கள். பிற்காலச் சரக்கில் அந்தப் பெயரையே குத்தி விற்ற கதை சேகரிப்பாளர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தேய்மானமும் பேசும். சிப்பாய் தினமும் பாலீஷ் போட்டுத் தேய்த்தது முன்பக்கத்தை. அதனால் புலியின் முதுகு, யானையின் வயிறு போன்ற மேடுகள்தான் வழவழவென்று தேயும். பள்ளத்தில் அழுக்கு தங்கும். போலிச் சரக்கையோ மருந்தில் ஊறப் போட்டுக் கிழடாக்குகிறார்கள். மேடு, பள்ளம், முதுகு எல்லாம் ஒரே மாதிரி கறுத்துக் கிடக்கும். நாற்பது வயசு ஆசாமி நரைச் சாயம் பூசிக்கொண்டு தாத்தா வேஷம் போட்ட மாதிரி!

இன்னொரு கூத்து. பளபளக்கும் அலுமினிய பேட்ஜ் பிரிட்டிஷ் படைக்கு வந்ததே 1950-களில். 1922-ல் மூடிய பட்டாளத்தின் பேட்ஜ் அலுமினியத்தில் வந்தால்? சிரித்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

கதைக்கு ஏது விலை?

இதையெல்லாம் பார்க்க விடாமல் செய்வது வியாபாரியின் வாய். "இது கல்லிப்போலியில் செத்தவன் தொப்பியிலிருந்து எடுத்தது சார்" என்று ஆரம்பித்தால் வாங்குகிறவன் கண் கலங்கிவிடுகிறது. முதல் உலகப் போரில் கொடுத்த பிரிட்டிஷ் மெடலில் சிப்பாயின் பெயரும் நம்பரும் வெட்டியிருக்கும். ரிக்கார்டைப் புரட்டிப் பார்க்கலாம். சாதாரணத் தொப்பி பேட்ஜில் அது கிடையாது. யார் பெயரை வேண்டுமானாலும் ஒட்டலாம். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போகிறானா? பேட்ஜை வாங்கு, கதையை வாங்காதே என்று பழந்தின்று கொட்டை போட்ட சேகரிப்பாளர்கள் சொல்வது சும்மா இல்லை.

அந்தப் பெரிசுகள் பேரிலும் ஒரு புகார் உண்டு. சிலர் எடுத்த எடுப்பில் "டூப்" என்று தூக்கிப் போடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "பார்த்தாலே தெரியுதே!" இது என்ன தீர்ப்பு? 1916-ல் யுத்த நெருக்கடியில் உலோகத்தை மிச்சம் பிடிக்க, இரண்டு உலோகத்தில் செய்த பல பேட்ஜ்களை வெறும் பித்தளையிலேயே அடித்தார்கள். அதுவும் அரசாங்க அசல்தான். விவரம் தெரியாதவன் போலி என்று தள்ளிவிடுவான். கொள்ளுத்தாத்தாவின் பேட்ஜைப் பெட்டியில் பொத்தி வைத்திருக்கும் குடும்பம் அந்த ஒரு வார்த்தையில் அதைக் குப்பையில் போட்டுவிடலாம். போலி என்று சொல்கிற வாய், பட்டை சரியில்லையா, அளவு குறைகிறதா என்று காரணத்தையும் சொல்லட்டும்.

நகல் செய்வது குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. சினிமாவுக்கு வேண்டும், நாடகத்துக்கு வேண்டும். அசலைத் தொலைத்த குடும்பம் ஞாபகத்துக்கு ஒன்று வாங்கி மாட்டினால் யாருக்கு நஷ்டம்? நகலை அசல் விலைக்குத் தலையில் கட்டுவதுதான் திருட்டு.

அமெரிக்காவில் 1973-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். பழைய காசைப் பார்த்துப் புதிதாகச் செய்தால் அதில் நகல் என்று அழியாமல் குத்தியாக வேண்டும். காசுக்கு இருக்கும் அந்தக் கட்டுப்பாடு பட்டாள பேட்ஜுக்கு ஏன் வரக்கூடாது? அச்சடிக்கும்போதே பின்பக்கம் ஒரு சொல்லைச் சேர்க்க என்ன செலவு ஆகிவிடும்?

சட்டம் வருகிறபோது வரட்டும். அதுவரை வாங்குகிறவர் கையில் ஒரு பூதக்கண்ணாடியும், அளவு பார்க்க ஒரு ஸ்கேலும் இருக்கட்டும். "கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க" என்று கேட்கட்டும். "சார், அதெல்லாம் தொடாதீங்க" என்று வியாபாரி கையை மறித்தால், பர்ஸை மூடிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகட்டும்.