வேலிக்குள் ஒரு வனம்

ஓஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் தோற்றுவிட்டது, ஆகவே பெருவிலங்குகளை மீண்டும் காட்டில் விடும் கொள்கையே தோற்றுவிட்டது என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே தோற்றது வேறொன்று.

நெதர்லாந்தில், 1968இல் நீரை இறைத்து மீட்ட நிலம் அது. அழிந்துபோன காட்டு மாட்டுக்கும் காட்டுக் குதிரைக்கும் ஈடாக 1980களில் ஹெக் மாடுகளும் கோனிக் குதிரைகளும், 1992இல் செம்மான்களும் விடப்பட்டன. பின்னணியில் இருந்தவர் சூழலியலாளர் பிரான்ஸ் வெரா. ஐரோப்பாவின் பழங்காடு ஒளிபுகா இருட்டல்ல, மேயும் விலங்குகள் திறந்துவைத்த வெளி. முட்புதர்களின் காவலில்தான் அங்கே ஓக் கன்றுகள் மரமாயின என்பது அவர் வாதம். மகரந்தச் சான்று காட்டி மறுப்போர் உண்டு. ஆனால் ஓக் கன்றுக்கு ஒளி வேண்டும் என்பதை மறுப்பாரில்லை.

முட்செடி வேரூன்ற வேண்டுமெனில் விலங்குகள் குறையவோ விலகிப்போகவோ வேண்டும். இங்கோ சுற்றிலும் வேலி. வேட்டையாட ஓநாயும் இல்லை. ஃபெலூவே காடுகளுக்கு இட்டுச்செல்லவிருந்த வழித்தடத்தை 2010இல் பதவியேற்ற அரசு கைவிட்டது. புதர்கள் மடிந்தன, மிஞ்சியது வெறும் புல்தரை. (காட்டுக்கான கோட்பாடு புல்வெளியில் முடிந்தது!) 2017-18 குளிர்காலத்தில் 3000க்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. பெரும்பாலானவை, பட்டினியில் சாகுமுன் சுடப்பட்டவை. மக்கள் வேலிக்கு மேலாக வைக்கோல் எறிந்தனர். அவர்களை எள்ளுவது எளிது. ஆனால் தப்பிச்செல்ல வழியற்ற உயிரின் சாவை ‘இயற்கை’ என்றழைப்பது சொல்மோசடி.

நிலம் தர மறுத்த அரசியலை விட்டுவிட்டு, மாட்டையும் வெராவையும் மட்டும் கூண்டிலேற்றுவது எந்த நியாயத்தில் சேரும்?