இரண்டு ரூபா நிறம்

வெள்ளை முட்டைக்கு 43 ரூபா. சிவப்பு முட்டைக்கு 45 ரூபா. 2022 ஆகஸ்டில் அரசாங்கம் வர்த்தமானி வாயிலாக விதித்த உச்சவிலை அது. அந்த இரண்டு ரூபா எதற்காக? சத்துக்காக என்றே நம் தோட்டத்துத் தாய்மார் பலர் நினைத்தனர்; அரசாங்கமே அதிக விலை வைத்தால் அவர்கள் வேறெப்படி நினைப்பார்கள்?

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது. லெகார்ன் கோழி வெள்ளை முட்டை இடும். ரோட் ஐலண்ட் சிவப்புக்கோழி பழுப்பு முட்டை இடும். எதுவாயினும் 50 கிராம் முட்டையில் புரதம் ஏறத்தாழ 6 கிராமே. ஊர்க்கோழி முட்டையில் மஞ்சட்கருவின் பங்கு சற்றே கூடுதல் என்பது மெய்தான். ஆனால் முட்டை சிறிது! விட்டமின் சத்துகளைப் பெரிதும் தீர்மானிப்பது இனமன்று, தீனி. கீரையும் புழுவும் கொத்தித் தின்னும் கோழியின் மஞ்சட்கரு சிவக்கும். அதே கோழியை அடைத்து வைத்து அரிசிக்குறுணை மட்டும் போட்டால் வெளிறும்.

2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17, தோட்டங்களில் 32. இக்குழந்தைகளுக்கு வேண்டியது எந்நிற முட்டையாயினும் நாளுக்கொன்று. அதை வீட்டிலேயே பெற, கோழி மேயக் கொல்லை வேண்டும். லயத்துக் காம்பராவுக்குக் கொல்லை ஏது?

2014 அக்டோபர் 29இல் மண்சரிவு லயங்களைப் புதைத்த பின்னரே மீரியபெத்த மக்களுக்குத் தனிவீடு கட்டப்பட்டது. மற்ற லயங்களும் புதையுமட்டும் காத்திருக்க நாம் ஆயத்தமில்லை. கோழிக்கூட்டுக்கும் கீரைப்பாத்திக்கும் இடமுள்ள காணியை, உறுதியுடன், ஒவ்வொரு குடும்பத்துக்கும் கேட்கிறோம்.